புதிதாக வந்த நாயும் வீட்டிலிருக்கும் நாய்களும்: எங்கே சிக்குகிறது என்று கண்டறியும் முறை

வெளிநாட்டு வேலை, வீட்டுக்காரரின் மறுப்பு, வளர்த்த பெரியவரின் மறைவு என ஏதோ ஒரு காரணத்தால், ஓரிடத்தில் வளர்ந்த நாய் வேறொரு குடும்பத்துக்கு மாற நேரிடுகிறது. அங்கே ஏற்கெனவே ஒன்றோ இரண்டோ நாய்கள் இருந்தால், முதல் சில வாரங்களில் எழும் சண்டைகளைப் பெரும்பாலானோர் குணத்தின் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். "இது பொறாமை பிடித்தது, அது ரவுடி" என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. வடசென்னையில் ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை போன்ற நெருக்கமான பகுதிகளில் நான் கவனித்த வரையில், குணத்தைவிட வீட்டின் அமைப்பே அடிக்கடி வினையாகிறது. ஒரே நடை, ஒரே படிக்கட்டு, ஒரே கிரில் கேட் என்றிருக்கும் வீட்டில் விலகிப்போக நினைக்கும் நாய்க்கும் விலக இடமில்லை. ஆகவே எந்தச் சிக்கலாக இருந்தாலும், அது எந்த இடத்தில் நடந்தது, அதற்கு முந்தைய நிமிடத்தில் வீட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது என்ற இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். எந்த நாய் குற்றவாளி என்ற விசாரணை அதன் பிறகு இருக்கட்டும்.

நாய் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. தடுப்பூசிப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். வெறிநாய்க்கடித் தடுப்பூசியும், பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுநோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியும் எந்தத் தேதியில் போடப்பட்டன என்பதைப் படித்துப் பாருங்கள். பார்வோ தொற்றிய நாய்க்கு நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் மூன்று முதல் ஏழு நாட்களும், சில வேளைகளில் இரண்டு வாரமும் ஆகும் என்பதால், புத்தகம் இல்லாத நாயை இரண்டு வாரம் தனி அறையில், தனித் தட்டு, தனி விரிப்புடன் வைத்திருப்பதே பாதுகாப்பு. காதின் உட்புறம், கால் விரல்களின் இடுக்கு, கழுத்துப்பட்டைக்கு அடியில் உண்ணி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சென்னையின் வெப்பத்தில் உண்ணிக்கு ஓய்வுக் காலம் என்று ஒன்று இல்லை. உண்ணிக் காய்ச்சலோடு வரும் நாய் சோர்ந்து கிடப்பதைச் 'சாது' என்று நினைத்து ஏமாறுவோர் பலர்.

வாசலில் பார்த்த கணமே பாய்ந்து குரைக்கின்றன

இது ஏறத்தாழ எப்போதும் சந்திப்பு நடந்த இடத்தின் கோளாறு. வீட்டு நாய்க்கு வாசல் என்பது காவல் எல்லை. அந்த எல்லையில் அறிமுகமில்லாத நாயைக் கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு பக்கமும் கயிற்றை இழுத்துப் பிடித்தால், பின்வாங்க நினைக்கும் நாயும் முன்னே பாய்வதுபோல எழுந்து நிற்கும். கயிறு இறுகும்போது உடல் முன்சாய்வதும் தலை உயர்வதும் எதிரே நிற்கும் நாய்க்கு மிரட்டலாகவே தெரியும்.

முதல் சந்திப்பை இரு தரப்புக்கும் சொந்தமில்லாத ஓரிடத்துக்கு மாற்றுங்கள். இங்கே வடசென்னைக்கே உரிய ஒரு தடங்கல் இருக்கிறது. ஒவ்வொரு தெருவுக்கும் அதற்கென்று ஒரு தெருநாய்க் கூட்டம் உண்டு. நீங்கள் இரண்டு நாய்களைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு போனால் மூன்றாவது அணி ஒன்று களத்தில் இறங்கிவிடும். காசிமேட்டுத் துறைமுகப் பக்கம் விடியற்காலையில் மீன் ஏலமும் கூட்டமும் தரையெங்கும் மீன் செதிலுமாக இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையிலோ கன்டெய்னர் லாரிகள் ஓய்வதில்லை. இரண்டுமே இதற்கு உதவாது. பெரம்பூரை ஒட்டிய ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) குடியிருப்புப் பகுதியில் இருப்பதைப் போன்ற அகலமான, மரநிழலுள்ள உள் சாலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, வெயில் ஏறுவதற்கு முன் செல்லுங்கள். கோடையில் தார்ச்சாலை நாயின் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஒருவருக்கு ஒரு நாய் என்ற கணக்கில் இருவர், சாலையின் இரு ஓரங்களில், ஒரே திசையில் நடக்க வேண்டும். நேருக்கு நேர் வரக் கூடாது. தொடக்கத்தில் பதினைந்து அடி இடைவெளி இருக்கட்டும்; கயிறு தொய்வாக இருக்கட்டும். வாய் இறுக மூடி, வால் கொடிக்கம்பம்போல விறைத்து, இமைக்காமல் எதிர் நாயையே பார்த்துக்கொண்டிருந்தால் இடைவெளியை அதிகப்படுத்துங்கள். தரையை முகர்தல், முகத்தை வேறு பக்கம் திருப்புதல், உடம்பு முழுவதையும் ஓர் உதறு உதறிக்கொள்ளுதல் ஆகியவை தென்பட்டால் சிறிது சிறிதாக நெருங்கலாம். ஒரு நாய் சிறுநீர் கழித்த இடத்தை மற்றது சாவகாசமாக முகர விடுங்கள். அறிமுகத்தின் பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். பிறகு பக்கவாட்டில் வந்து பின்புறத்தை முகர்ந்தால், இரண்டு மூன்று நொடிகளில் இனிமையான குரலில் அழைத்து விலக்கி, மேலும் சிறிது தூரம் நடங்கள். வீட்டில் பல நாய்கள் இருந்தால் மிகவும் சாந்தமானதை முதலில், மற்றவற்றைப் பிறகு, ஒவ்வொன்றாகவே இப்படி அழைத்து வாருங்கள்.

வீடு திரும்பும்போது, வீட்டு நாய்கள் வெளியே காத்திருக்க, புதிய நாய் முதலில் உள்ளே போய் ஒரு சுற்று முகர்ந்து முடிக்கட்டும். பிறகு மற்றவை வரட்டும். வாசலில் எதிர்கொள்ளும் காட்சியே இல்லாமல் போய்விடும்.

புதிய நாய் சாப்பிடவில்லை, கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை

ஓரிரு நாட்களுக்கு இது இயல்பு. பழைய வீட்டில் தின்ற உணவையே முதல் வாரம் கொடுங்கள். தயிர்ச் சோறு தின்று வளர்ந்த நாய்க்குத் திடீரென்று பாக்கெட் உணவு வைத்தால் பேதியாகும், அது நோயோ என்று வேறு குழப்பும். வெளியே இழுக்காதீர்கள், உறவினர்களைக் கூட்டிவந்து காட்டாதீர்கள், குழந்தைகளைக் கட்டிலுக்கு அடியில் குனிய விடாதீர்கள். பழைய வீட்டாரின் துணி ஒன்று கிடைத்தால் விரிப்பில் போடுங்கள்.

ஆனால் வாந்தி, நாற்றமடிக்கும் ரத்தப்பேதி, ஈறு வெளிறிப்போதல், ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடக் குடிக்காமை ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் பழக்கவழக்க ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். 1903 இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை வேப்பேரியில் இருக்கிறது. வடசென்னையின் பெரும்பகுதியிலிருந்து ஆட்டோவில் எளிதாகப் போய்விடக்கூடிய தூரந்தான்.

சோற்றுத் தட்டருகே உறுமல்

தட்டுகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்ப்பது அரைகுறைத் தீர்வு. வெவ்வேறு அறைகளில், கதவை மூடி, உணவு கொடுங்கள். அறை போதாதென்றால் ஒன்றுக்கு மொட்டை மாடி, ஒன்றுக்குச் சமையலறை, ஒன்றுக்குக் குளியலறை. எல்லாம் தின்று முடித்த பிறகு தட்டுகளை எடுத்துக் கழுவி உயரத்தில் வைத்துவிட்டுக் கதவைத் திறங்கள். காலித் தட்டுக்கும் சண்டை வரும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நிலைமை மோசமாவதாகப் பலர் சொல்வதற்குக் காரணம் கறிக்கடை எலும்பு. நெடுநேரம் கடித்துக்கொண்டிருக்க வேண்டிய பொருள் என்பதால் அதைக் காக்க வேண்டிய நேரமும் நீள்கிறது. முதல் சில மாதங்களுக்கு எலும்பே வேண்டாம். வெந்த எலும்பு சிராய்போல உடைந்து குடலைக் கிழிக்கும் என்பதால் எப்போதுமே வேண்டாம். மாடியில் கருவாடு காயவைக்கும் வீடு என்றால் அந்த நேரத்தில் நாய்களை மாடிக்கு விடக் கூடாது என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உறுமியதற்காக நாயை அடிப்பது, தட்டுக்குள் கையை விட்டு 'யார் பெரியவர்' என்று காட்டுவது ஆகிய இரண்டையும் கைவிடுங்கள். உறுமல் என்பது எச்சரிக்கை. அடி வாங்கி எச்சரிக்கையை விட்டுவிட்ட நாய், அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். அத்தகைய நாயை வைத்துக்கொண்டு வீட்டில் யாரும் நிம்மதியாக நடமாட முடியாது. காக்கப்படும் பொருள் உணவாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சோபாவின் ஒரு மூலை, பாட்டியின் மடி, மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள தரை எனச் சிக்கலின் மையம் வேறாக இருக்கலாம். மடிதான் காரணம் என்றால், உறுமிய உடனே மடிக்குரியவர் பேசாமல் எழுந்து போய்விட வேண்டும். காக்க வேண்டிய பொருளே காணாமல் போனால் காவலுக்கும் வேலை இல்லை.

ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே நேரத்தில், மீண்டும் மீண்டும் சண்டை

இந்த அறிகுறியைத்தான் மிகவும் பொறுமையாக ஆராய வேண்டும். தீர்ந்தால் முழுமையாகத் தீர்வதும் இதுதான்.

பழைய வண்ணாரப்பேட்டையில் இருபுறமும் சுவர் ஒட்டிய ஒரு குறுகிய வீடு. அங்கே ஒரு பெண் நாட்டு நாயும், அந்தப் பகுதியில் எல்லாரும் பாமரேனியன் என்றே அழைக்கும் வெள்ளைச் சடை நாயும் இருந்தன. கொளத்தூரிலிருந்து ஓர் ஆண் லேப்ரடார் வந்து சேர்ந்தது. பகலெல்லாம் மூன்றும் ஒரே கூடத்தில் படுத்திருக்கும். மாலையில் மட்டும் படிக்கட்டின் அடியில் கடிபிடி. லேப்ரடார் பெரிய உடம்பு என்பதால் பழி அதன் மீது விழுந்தது. மாலை நேரத்தில் உட்கார்ந்து பார்த்தபோது வரிசை தெளிவாகத் தெரிந்தது. மெட்ரோ வாட்டர் லாரியின் ஹாரன் தெருமுனையில் கேட்கும். வீட்டு அம்மா எழுந்து ஆணியிலிருந்து சாவிக்கொத்தை எடுப்பார். சாவி குலுங்கிய உடனே மூன்று நாய்களும் கிரில் கேட்டை நோக்கி ஓடும். படிக்கட்டின் அடியில் ஒரு பக்கம் செருப்பு அலமாரி, மறுபக்கம் நீல நிறத் தண்ணீர் டிரம். நடுவில் ஒரு நாய் மட்டுமே நுழையக்கூடிய இடைவெளி. லேப்ரடாரின் தோள் நாட்டு நாயின் விலாவில் இடிக்க, அது திரும்பிக் கடிக்க, வெள்ளை நாய் இருவர் காலுக்கும் இடையில் மாட்டிக்கொண்டு அலறும். டிரம்மைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள். சாவியைத் தொடும் முன் மாடியில் ஒரு கைப்பிடி தீனியைத் தூவி, மூன்றையும் மேலே அனுப்பி, மாடிக் கதவைத் தாழிட்டார்கள். அதன் பிறகு அந்த மாலைச் சண்டை நின்றுபோனது. எந்த நாயின் குணமும் மாறவில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படியே தேடுங்கள். நிலைவாசல், படி திரும்பும் இடம், கட்டிலுக்கும் பீரோவுக்கும் இடைப்பட்ட சந்து, சமையலறை வாயில் ஆகியவற்றில் எது என்று பாருங்கள். எந்த ஒலி நாய்களை ஒரே நேரத்தில் எழுப்புகிறது என்பதையும் பாருங்கள்: காலிங் பெல், பால்காரரின் சைக்கிள், பைக் நிறுத்தும் சத்தம், குக்கர் விசில். பொருளை நகர்த்த முடிந்தால் நகர்த்துங்கள். நகர்த்த முடியாத வீட்டில், அந்த ஒலி எழும் முன்பே ஒரு நாயை அறையில் விடும் பழக்கத்தை உண்டாக்குங்கள். படுத்திருக்கும் நாய் ஒவ்வொன்றுக்கும் எழுந்து போக இரண்டு வழி இருக்கும்படி விரிப்புகளை இடுங்கள். மூலையில் போட்ட விரிப்பு பொறியாகிவிடும்.

இதே வகையில் இன்னொன்று, தெருநாயைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கி, அடுத்த கணம் உள்ளே இருப்பவை ஒன்றையொன்று கடித்துக்கொள்வது. வெளியே இருக்கும் நாயைத் தொட முடியாத ஆத்திரம் பக்கத்தில் இருப்பதன் மீது திரும்புகிறது. இதற்கும் பகைமைக்கும் தொடர்பில்லை. கிரில் கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரத்தாலோ பழைய பேனர் துணியாலோ மறைத்துக் கட்டினால் கேட்டருகே காவல் நிற்கும் பழக்கம் வெகுவாகக் குறையும். இரவில் கேட்டருகே எந்த நாயையும் கட்டிப்போட வேண்டாம்.

பழைய நாய் ஒதுங்கிப் போகிறது, வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கிறது

வயதான நாய் என்றால் மூட்டுவலியும் காது மந்தமும் இருக்கிறதா என்று முதலில் பரிசோதியுங்கள். இளைய நாய் மேலே விழுந்து விளையாடுவது வலியுள்ள நாய்க்குத் தண்டனை. புதிய நாய் ஏற முடியாத ஓரிடத்தை, அது தாழிட்ட அறையாகவே இருந்தாலும், பழைய நாய்க்கென்று ஒதுக்குங்கள். உணவு, நடை, கொஞ்சல் ஆகியவற்றின் பழைய நேரங்களை மாற்றாதீர்கள். பொதுவாக வீட்டார் புதியவனின் பராமரிப்பில் மூழ்கிப் பழையவனின் மாலை நடையை வெட்டிவிடுகிறார்கள், அதுதான் உண்மையான குறை.

சிறுநீர் கழித்த இடத்தைப் பினாயிலால் துடைத்தால் வாசனை நமக்கு மறையும், நாய்க்கு மறையாது. வினிகரையும் தண்ணீரையும் சம அளவில் கலந்து துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். திடீரென்று அடிக்கடி, சிறிது சிறிதாகக் கழித்தால் சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம்.

விளையாட்டா சண்டையா என்று தெரியவில்லை

ஓசையை நம்பாதீர்கள், விளையாட்டு பேரிரைச்சலாக இருக்கும், நிஜச் சண்டைக்கு முந்தைய நொடி நிசப்தமாக இருக்கும். முன்னங்கால்களைத் தாழ்த்திப் பின்புறத்தைத் தூக்குவதும், துரத்துபவன் துரத்தப்படுபவனாக மாறி மாறி வருவதும், இடையிடையே நின்று மூச்சு வாங்குவதும் விளையாட்டின் அடையாளங்கள். ஐயம் இருந்தால், அழுத்திப் பிடிக்கும் நாயைச் சிறிது நேரம் விலக்கி நிறுத்துங்கள். மற்றது தானாக அதனிடம் திரும்பி வந்தால் தொடரட்டும். ஓடிப்போய் ஒளிந்தால் அன்றைக்குப் போதும்.

சில வாரம் நன்றாக இருந்தது, பிறகு கெட்டுவிட்டது

முதல் வாரங்களில் புதிய நாய் அடக்கமாக இருப்பது பெரும்பாலும் தயக்கமே. இடம் பழகிய பிறகுதான் அதன் விருப்பு வெறுப்புகள் வெளிப்படும். ஆகவே 'எல்லாம் சரியாகிவிட்டது' என்று கதவுகளை ஒரே நாளில் திறந்துவிடாமல், வீட்டில் ஆள் இல்லாத நேரங்களில் சில மாதங்களுக்குப் பிரித்தே வையுங்கள்.

அது தவிர, மூன்றைச் சோதியுங்கள். ஒன்று வலி: காதுச் சீழ், பல், உண்ணிக் காய்ச்சல். இரண்டாவது பருவம்: கருத்தடை செய்யாத பெண் நாய் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும், அந்த மூன்று வாரமும் ஆண் நாய்கள் தமக்குள் மோதிக்கொள்ளும், இரண்டு பெண் நாய்கள் உள்ள வீட்டில் மோதல் இன்னும் கடுமையாகலாம். கருத்தடை செய்யுங்கள், ஆனால் அறுவை முடிந்த மறுநாளே ஆண் நாய் மாறிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். நடத்தையில் மாற்றம் தெரியச் சில வாரங்களாவது ஆகும். மூன்றாவது பருவநிலை. வடகிழக்குப் பருவமழையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டைத் தெருக்களில் தண்ணீர் தேங்கும்போது நடை நின்று, எல்லா நாய்களும் நாள் முழுவதும் ஒரே கூடத்தில் அடைபடுகின்றன. தீபாவளி வெடிச்சத்தமும் அதே காலத்தில் சேர்ந்துகொள்கிறது. அக்டோபர், நவம்பரில் புதிய நாயைக் கொண்டுவருவதைத் தள்ளிப்போட முடியுமானால் தள்ளிப்போடுங்கள். தேங்கிய நீரில் நடந்தே ஆக வேண்டும் என்றால், எலியின் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸுக்கான தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று புத்தகத்தில் பாருங்கள்.

ரத்தம் வரும் அளவுக்குக் கடித்துக்கொண்டன

கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுக்கக் கை நீட்டுபவருக்குத்தான் முதல் கடி விழும். ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் வீசுங்கள். எவர்சில்வர் தாம்பாளத்தைத் தரையில் ஓங்கிப் போடுங்கள். அதற்கும் விலகாவிட்டால் இரண்டுக்கும் நடுவே பிளாஸ்டிக் நாற்காலியையோ பலகையையோ செருகி, ஒன்றின் மேல் தடித்த போர்வையைப் போட்டு மூடுங்கள். விலகிய மறுநொடியே வேறு வேறு அறைகளில் அடையுங்கள். சமாதானப்படுத்தும் எண்ணத்தில் அன்றே முகத்தோடு முகம் வைக்காதீர்கள்.

நாயின் உடலில் மயிரை விலக்கிப் பாருங்கள். பல் பதிந்த துளை வெளியே சிறிதாகவும் உள்ளே ஆழமாகவும் இருக்கும். மஞ்சள் பூசி மூடிவிட்டால் உள்ளே சீழ் கட்டும். மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுக்கக் கூடாது.

மனிதருக்குக் கடி பட்டால், ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள் எதையும் அப்பாமல், அன்றே அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வடசென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. கடித்தது தடுப்பூசி போட்ட வளர்ப்பு நாய்தான் என்றாலும் செல்ல வேண்டும், இடையில் தடுப்பூசித் தவணையை விடக் கூடாது.

பிறகு ஒரு வாரமாவது பிரித்து வைத்து, மீண்டும் முதல் கட்டத்திலிருந்து, சாலையின் இரு ஓர நடையிலிருந்தே தொடங்குங்கள். உள்ளே ஒன்றாக விடும்போது, முன்கூட்டியே பழக்கிய கூடை வடிவ வாய்க்கூடு உதவும். மூச்சிரைக்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். சென்னை வெயிலில் வாயை இறுகக் கட்டும் துணிப்பட்டை ஆபத்து.

எதுவும் பலிக்கவில்லை

இடத்தை மாற்றிய பிறகும், வலியைச் சோதித்த பிறகும், எச்சரிக்கையே கொடுக்காமல் ஒரு நாய் மற்றதைத் தேடிப் போய்த் தாக்குகிறது. அல்லது ஒவ்வொரு மோதலும் முந்தையதைவிட ஆழமான காயத்தில் முடிகிறது. அல்லது சிறிய நாய் ஒன்று நாள் முழுவதும் ஒளிந்தே வாழ்கிறது. இந்த மூன்று நிலைகளில் எதிலும் முயற்சியைத் தொடர்வது நாய்களுக்குச் செய்யும் கொடுமை. சில நாய்கள் தனியாக வளர வேண்டியவை, அதில் யாருக்கும் இழுக்கில்லை. அடுத்த வீட்டைத் தேடும்போது, "நல்ல நாய், கடிக்காது" என்ற வழக்கமான வாசகத்தைத் தவிர்த்து, எந்த இடத்தில், எந்த ஒலிக்கு, எந்த வகை நாயிடம் அது மோதியது என்பதை ஒரு தாளில் எழுதி, தடுப்பூசிப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுங்கள். உங்கள் பெயரில் எடுத்த மாநகராட்சி உரிமமும் மைக்ரோசிப் விவரமும் இருந்தால், புதிய உரிமையாளர் தம் பெயருக்கு மாற்றிக்கொண்டாரா என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.